வகுப்பறைக்குள் ஒரு பெரட்டு

வெலிமடைப் பூக்கோவா ஒன்றை மேசைமேல் வைத்து, இதுதான் மனித மூளை என்று தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருக்கும் பெற்றோருக்கு விளக்கவுரை ஆற்றியவன் நான். விசேட கல்விப் பயிற்சி ஒன்றுக்குப் பதுளை போய்த் திரும்பிய வேகம் அது. பயிற்சிக்கு அதிபர் என்னைத் தெரிவுசெய்த காரணம், நான் இல்லாவிட்டாலும் பாடசாலை நடக்கும் என்று அவர் கண்டுபிடித்திருந்ததுதான். கூட்டம் கலைந்தபோது மூளையை யாரோ கறிக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய காலம். லுணுகலைக்கு மேலே, தடுப்புச் சுவரில்லாத ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளும் நடக்கும் தோட்டப் பாடசாலை. என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஓட்டிசம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோட்டத்தில் அதற்கு வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள், எதுவும் எழுதும்படியானதல்ல. அவள் பேசுவது அபூர்வம். மணி அடித்தாலும், புதிய ஆள் வந்தாலும் அலறுவாள். அவள் அலறினால் மண்டபம் முழுவதும் பாடம் நின்றுவிடும்.

அதிபர் கெட்டவர் அல்ல. ஆனால் தவணை முடிவில் கல்விப் பணிப்பாளர் வருகிறார், அன்றைக்கும் இப்படியென்றால் பிள்ளையை நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் அவள் எங்கே இருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும். தாய் கொழுந்தெடுத்துத் திரும்பும்வரை லயத்து ஒற்றையறைக் காம்பராவில், வெளியே பூட்டுப் போட்டு.

மூளைக்குத் தூண்டல் வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனவே தூண்டினேன். வகுப்பெங்கும் வர்ணத் தாள், காகிதப் பறவைகள், காற்றில் கலகலக்கும் போத்தல் மூடிச் சரங்கள். அன்று மகளைக் கொண்டுவந்து விட்ட தாய் வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்.

“திருவிழா முடிஞ்சதும் கழட்டிருவீங்கதானே சேர்?”

சிறுமி மேசைக்கு அடியில் குடிபுகுந்தாள்.

ஒருநாள் காலையில் வழக்கத்தைவிட முன்னதாகவே பெரட்டுக் களத்தைக் கடந்து வந்தேன். வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்தி, யாருக்கு எந்த மலை என்று கங்காணி பிரித்துச் சொல்லும் இடம் அது. அத்தனை சத்தம், அத்தனை ஏச்சுப்பேச்சு. நடுவில் அந்தச் சிறுமி தாயின் பக்கத்தில் அமைதியாக நின்றாள். தாய்க்கு மலை சொன்னதும் யாரும் சொல்லாமலே திரும்பிப் பாடசாலைப் பாதையில் நடந்தாள். அவளுக்கு அங்கே அடுத்தது என்ன என்பது தெரிந்திருந்தது.

பயிற்சியில் பாதித் தூக்கத்தில் கேட்ட இன்னொரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்து வருவதை மூளை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கிறதாம். ஊகம் தவறினால் நமக்குச் சின்னத் திடுக்கிடல். இப்படியான பிள்ளைகள் பலருக்கு அது வீடு பற்றி எரிகிற மாதிரி. காதில் விழுந்து மறைகிற சொல்லைவிடக் கண்முன் நிற்கிற படம் அவர்களில் பலருக்கு உதவும் என்றும் சொன்னார்கள்.

தோரணங்களைக் கழற்றினேன். மட்டைகளில் படம் வரைந்து ஒரு பலகையில் வரிசையாக மாட்டினேன்: கணக்கு, மணி, சாப்பாடு, வீடு. தினமும் காலையில் மட்டைகளை வரிசையாகக் காட்டி அவளுக்கு முதலில் பெரட்டு. ஒரு வேலை முடிந்ததும் அந்த மட்டையை அவளே திருப்புவாள். என் சித்திரத் திறமையில் மணி கத்தரிக்காய் போலிருந்தது. அவள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டாள். தவணை நடுவில் ஒருநாள், மணி அடிக்குமுன்பே படத்தைப் பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. அலறல் இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிப்பாளருக்கும் இரண்டு மட்டை வரைந்தேன். ஒன்றில் கண்ணாடிக்காரர் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றதில் குடையோடு போகிறார். ஒரு வாரம் முன்னதாகவே அவளுக்குக் காட்டிவந்தேன்.

பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே பலகையைக் காட்டி இது என்ன என்று கேட்டார். கேட்பார்களா என்று காத்திருந்தவன் நான், மூளையிலிருந்து ஆரம்பித்தேன். சிறுமி எழுந்தாள். அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் படத்தைப் பார்த்தாள், நிற்கிற மனிதரைப் பார்த்தாள், அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் உட்கார வைத்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து கணக்கைத் தொடர்ந்தாள்.

என் நெஞ்சு நிமிர்ந்த நிமிர்வில் சட்டைப் பொத்தான் தெறிக்காதது தையற்காரரின் புண்ணியம். அந்தப் பூரிப்பில் நரம்பு, ஊகம், திடுக்கிடல் என்று விளக்கிக்கொண்டே போனேன். சிறுமி கணக்கை முடித்தாள். பலகைக்குப் போய்க் கதிரை மட்டையைத் திருப்பினாள். மூலையில் அவர் சாத்திவைத்திருந்த குடையை எடுத்துவந்து பணிப்பாளரின் மடியில் வைத்தாள்.  அவர் மரியாதையாக எழுந்து புறப்பட்டார்.

இத்தனை வருட உத்தியோகத்தில் எனக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குடை போதும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பணிப்பாளரை ஜீப் வரை வழியனுப்பிவிட்டு அதிபர் திரும்பிவந்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அதிபர் தொண்டையைச் செருமி, யாழ்ப்பாணத்துக் குரலிலேயே சொல்லிக்காட்டினார்:

“பிள்ளை வடிவாப் படிக்கட்டும். ஆனா அந்த மாஸ்டர் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டுறதுக்கும் ஒரு படம் கீறி வையுங்கோ.”