சூசையின் கைவாகு

வால்வில் கரி எடுப்பது, என்ஜினின் மூடியை முடுக்கியதும் கண்ணுக்கு மறைந்துவிடுகிற வேலை. செய்தது யார் என்று வண்டி சொல்லாது. பட்டறைக்காரர் சொன்னதுதான் பேச்சு. நீங்கள் செய்த வேலைக்கு வேறொருவர் பாராட்டு வாங்குவதைப் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சி.

எட்டுத் துளைப் பலகை

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல், லாரிகள் முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடிய சமயம். அந்தப் புகையின் தார்போன்ற கீலும் சாம்பலும் வால்வில் இறுகிப் படிந்துவிடும். வண்டி மேடு ஏறாமல் மூச்சு வாங்கும். ராயபுரத்தில் என் அப்பாவின் பட்டறையில் இந்த வேலைக்குக் கெட்டிக்காரர் சூசை. அவர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்விட்டார். அப்பாவுக்கோ கண்ணில் புரை. காலேஜ் விடுமுறையில் பௌதிகப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் இறங்கினேன்.

சூசை விட்டுப்போன பலகையில் எட்டுத் துளைகள். கழற்றிய வால்வுகளை வரிசை மாறாமல் அதில் நிறுத்தவேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து மழுங்கிய கத்தியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ப்புப் பசை தடவி, அது உட்காரும் குழியான அதனதன் சீட்டில் வைத்து மத்துக் கடைவதுபோல் உருட்டி அரைக்கவேண்டும். முதல் வாரமே எட்டையும் ஒரே சட்டியில் கொட்டிக் கழுவிவிட்டேன். எது எந்தச் சீட்டுக்கு என்று தெரியவில்லை. மறுபடி அரைத்து முடிக்க இரண்டு நாள். "எல்லாம் ஒரே அளவுதானே?" என்று வாதாடினேன். அப்பா சொன்னார்: "அளவு ஒண்ணுதாம்மா, தேய்மானம்தான் வேற வேற. அது அது அதனோட இடத்துல உக்காந்தாத்தான் காத்து நிக்கும்."

கத்தியா, மீசையா?

நான் தனியாகச் செய்து முடித்த முதல் வண்டி, எண்ணூரிலிருந்து மீன் ஏற்றிவரும் கன்னியப்பனின் லாரி. கிளப்பிவிட்டுக் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். "யாரு பாத்தது நைனா?" என்றார் அப்பாவிடம். என் முழங்கை வரை கரி. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "சூசைதான். திரும்பி வந்துட்டான், பின்கட்டுல இருக்கான்."

கன்னியப்பன் போனதும் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். பெண் தொட்டது என்று தெரிந்தால் ஒரு வண்டியும் வராது என்றார் அப்பா. "சுரண்டினது கத்தியா, மீசையா?" என்று கேட்டேன். ஆனால் என் வாதமெல்லாம் அப்பாவிடம்தான். வாடிக்கைக்காரர் முன்னால் ஒருநாளும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கன்னியப்பனோ போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்: "சூசை கை வெச்சா இஞ்சினு பாட்டு பாடுது மாமு!"

தூக்குச் சட்டி

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல், தூக்குச் சட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். சூசையின் மனைவி ஆரோக்கியமேரி. காத்திவாக்கத்தில் தாய்வீட்டில் இருந்தாள். பல மாதங்களாகப் புருஷனிடமிருந்து கடிதம் இல்லை. லாரிக்காரர் பேச்சு அவள் காதுக்கும் போயிருக்கிறது. "எங்க அவுரு? வந்த மனுசன் வூட்டாண்ட தலை காட்டாம இங்க இன்னா பண்ணிக்கினு கீறாரு?" வந்தது சண்டைக்குத்தான். ஆனால் சட்டியில் சோறும் இறால் குழம்பும் இருந்தன.

அப்பா எழுந்தார், உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார். நான்தான் சொன்னேன்: "அவர் வரலை அக்கா. வேலை செய்தது நான். நாங்க பொய் சொல்லிட்டோம்." அவள் நம்பாமல் பின்கட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, நகக்கண்ணில் ஏறியிருந்த கரியைப் பார்த்தாள். அழவில்லை. அவள் கேட்டது இதுதான்: "அப்போ ரெண்டு மாசமா இங்க வேல செஞ்சிக்கினு இருந்த எம் புருசன் யாரு தங்கச்சி?"

அதே வண்டி

அவள் விட்டுப்போன தூக்குச் சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் காத்திவாக்கம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இதை எழுதும் வரை சூசையிடமிருந்து கடிதமும் வரவில்லை.

மறுவாரம் கன்னியப்பன் வண்டியோடு வந்தார். நான் கேட்காமலே அப்பா சொன்னார்: "சூசை வரவே இல்லப்பா. அன்னிக்கு உன் வண்டியைப் பாத்தது என் பொண்ணு. போற வழியெல்லாம் இதையும் சொல்லு." கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு மாதம் ஒரு குறையும் சொல்லாமல் ஓட்டிய அந்த லாரியின் மீது கையை வைத்துச் சொன்னார்: "அக்காங்! அதான் போன தபாவே லேசா இருமிக்கினு இருந்துச்சு!"

எட்டு வால்வையும் அதனதன் இடத்தில் உட்காரவைக்கத் தெரிந்த எங்கள் பட்டறையில், ஒரே ஒரு பெயரை அதன் இடத்தில் உட்காரவைக்க ஒருத்தி காத்திவாக்கத்திலிருந்து சோறு சுமந்து வரவேண்டியிருந்தது.