கேன் தண்ணீரில் நீலமான தங்கம்

1. சிவப்பும் நீலமும்

அன்று மதியம் தொடர்ந்து நான்கு டியூப்கள் நீலமாயின. நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அரிவாள் செல் ரத்தசோகை ஜீன் வழியாக வரும் நோய். பழுதான ஜீன் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் கிடையாது, அவர் கேரியர். கணவன் மனைவி இருவருமே கேரியராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. கல்வராயன் மலை ஊர்களில் இதைச் சோதிக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய லேப் நடத்தினோம். நான் பொறுப்பாளர்.

நானோ அளவுத் தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்தால் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டினால் நீலம். பழுதான ஜீனை மட்டும் பிடிக்கும் டிஎன்ஏ துண்டுகளை அந்தத் துகள்களில் பொருத்தியிருப்போம். ரத்தத்தில் அந்த ஜீன் இருந்தால் துகள்கள் கூடிவிடும். ரீடர் என்ற சின்னப் பெட்டி நிறத்தை அளந்து எண் காட்டும். ஆனால் உப்புப் பட்டாலும் தங்கம் நீலமாகும். அதனால் தண்ணீரை மாற்றும் ஒவ்வொரு முறையும், ரத்தம் சேர்க்காத ஒரு டியூபை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். அது சிவப்பாக நின்றால்தான் மற்றதை நம்பலாம். இந்த விதியை எழுதி லேப் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் அன்று கேம்ப். காலையில் வந்தவர்களில் ஒருவருக்கு மட்டும்தான் நீலம். மதியம், துகள்களைக் கலக்கும் உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துவிட்டது. டெக்னீஷியன் ரம்யா சின்னசேலத்துப் பெண், வேலையில் கறார்.

“இன்னும் நாலு பேருதான் சார். ரத்தத்த எடுத்துக்கினு போயி கீழ பாத்துக்கலாம்.”

“ரிசல்ட் குடுக்க மறுபடியும் மலையேறணுமா? குடிக்கிற கேன் தண்ணி இருக்கு, ஊத்து.”

“கன்ட்ரோலாவது ஒண்ணு ஓட்டிடலாம் சார்.”

“காலையில ஓட்டுனது போதும்மா.”

கேன் தண்ணீரில் ருசிக்காக உப்புச் சத்தைத் திரும்பச் சேர்ப்பார்கள். எனக்கு அது தெரியாததல்ல. நான்கும் நீலமானபோதுகூட, இந்த ஊரில் கேரியர்கள் அதிகம், ஆய்வுக் கட்டுரையாக எழுதத் தகுந்த விஷயம் என்றுதான் மனம் ஓடியது.

2. வரிசைக்கு முன்னால்

அந்த நால்வரில் ஒருத்தி சிவகாமி. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை கேரியர் என்பது முந்தைய கேம்பிலேயே தெரிந்திருந்தது. அதனால் மாப்பிள்ளையின் அம்மாவே அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

“இன்னா சார், எம் மருமவளுக்கு ஒண்ணும் இருக்காதே? மரவள்ளி மூட்டைய ஒத்தையில தூக்குது. எம் புள்ளையையும் சேத்துத் தூக்கிடும்!”

ரிசல்ட்டுக்காக வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே நான் சொன்னேன்: “இவங்களும் கேரியர்தாம்மா. கல்யாணத்த யோசிச்சுப் பண்ணுங்க.”

அந்த அம்மா பிடித்திருந்த கையை விட்டார்.

“இன்னொருவாட்டி பாக்க முடியாதா சார்?” என்றாள் சிவகாமி.

“மெஷின் பொய் சொல்லாதும்மா,” என்றேன்.

3. நான்கு நாட்கள்

மறுநாள் காலை ரம்யா ஒரு டியூபை என் மேஜையில் வைத்தாள். நல்ல நீலம்.

“இதுல ரத்தமே இல்ல சார். தங்கமும் மீந்த கேன் தண்ணியும்தான். இப்பவே போன் போட்டுச் சொல்லிடலாம்.”

மிச்ச ரத்தத்தை வேறு முறையில் சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம், ரிப்போர்ட் வந்ததும் பேசலாம் என்றேன். நிதானம்போல் இருந்தது. உண்மையில் பயம். இரண்டு நாள் கழித்து அந்த ஊர் நர்ஸ் பேசினார்: மாப்பிள்ளை வீட்டார் சிவகாமியின் நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம், கல்யாணம் நின்றுவிட்டது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கும் இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நால்வருக்கும் ஒன்றுமில்லை.

ரம்யாவும் நானும் ஜீப்பில் ஏறினோம். சிவகாமி களத்தில் சாமையைக் காய வைத்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டைக் கொடுத்து, தப்பு என்னுடையது என்றேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

“எப்ப தெரியும் சார் ஒங்களுக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். ரம்யா பக்கத்தில் நின்றாள்.

“மறுநாள் காலையிலயே சந்தேகம் வந்துடுச்சும்மா.”

“அதுக்கு ரெண்டு நாள் கழிச்சிதான் சார் தட்டத் திருப்பிக் குடுத்தாங்க.” சாமையைக் காலால் தள்ளிப் பரப்பினாள். “அன்னிக்கு எல்லார் எதிர்லயும்தான சொன்னீங்க? இதையும் அங்கயே வந்து சொல்லுங்க.”

பள்ளிக்கூட வாசலில், கூடிய ஜனங்களிடம் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: “அப்ப எம் புள்ளைக்குப் பாத்ததும் தப்பா சார்?” அது சரியான ரிசல்ட் என்றேன். அவர் நம்பவில்லை. யாரும் நம்பவில்லை. அடுத்த கேம்புக்கு அந்த ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களில் உண்மையான கேரியர்கள் எத்தனை பேர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாப்பிள்ளை வீட்டார் மறுபடி தட்டோடு போனார்களாம். சிவகாமி மறுத்துவிட்டாள். “நல்லாருக்கியான்னு ஒரு வார்த்த கேக்காத மாப்ள வூட்டுக்கு நான் போவல” என்றாளாம். நர்ஸ் சொன்னார்.

ரிசல்ட்டைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அன்று கற்றேன். இன்னொன்றை ரம்யா கற்றுக் கொடுத்தாள். சுவரில் நான் ஒட்டிய விதிக்குக் கீழே, என்னிடம் கேட்காமலே, பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘தப்பு தெரிந்தால் அன்றே போன் செய்யவும்.’ நான் ஓய்வு பெற்ற பிறகும் அது அங்கே இருக்கிறது. இதை எதற்கு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்கிறார்களாம். ரம்யா காரணம் சொல்வதில்லையாம். அதனால் நான் சொல்கிறேன்.