சொல்லிட்டுப் போங்க தம்பி

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்த்தேன். என் மனம் ஆண்களைத்தான் நாடியது. அதைக் குறிக்க அப்போது நான் கேட்டிருந்த சொற்களெல்லாம் வசவுகள்.

சீசன் முடிந்து ஊர் அடங்கியிருந்த ஆடி மாதம், சமவெளியிலிருந்து வந்திருந்த ஒருவன் ஏரிக்கரையில் பழக்கமானான். இதமாகப் பேசினான். மறுநாள் மத்தியானம் செண்பகனூருக்கு மேலே யூக்கலிப்டஸ் தோப்புக்கு நடந்து போய் வரலாம் என்று கூப்பிட்டான். யாரிடமும் சொல்லாமல் போனேன். சொல்லும்படி யாரும் இல்லை. தோப்பில் அவனுடைய சேக்காளிகள் இருவர் காத்திருந்தார்கள். மூவருமாக அடித்தார்கள். தோளில் கை போட்டு என்னைக் கூட்டி வந்தவன்தான் அதிகம் மிதித்தான்.

எப்படியோ ரோட்டுக்கு வந்து ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன். வேலை முடிந்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கிய நர்ஸ் ஒருவர் என்னைப் பார்த்து நின்றார்.

"வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்" என்றேன்.

அவர் கைத்தாங்கலாகப் பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சட்டையைக் கழற்றி முதுகைத் துடைக்கும்போதுதான் சொன்னார்: "விழுந்தா முதுகுல எப்படிங்க செருப்புத் தடம் வரும்?"

அழுதுவிட்டேன். எதற்காக அவனோடு போனேன் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. துணியை வெந்நீரில் பிழிந்து மறுபடி துடைத்தார்.

"போலீசுக்குப் போறதுன்னா நானும் வாரேன் தம்பி."

"வேணாங்க. என்னையத்தான் உள்ள வைப்பாங்க."

"அது உங்க இஷ்டம். ஆனா விலா வலிக்கு எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்."

மறுநாள் வெள்ளனே ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "நம்ம வீட்டுப் பையன், தோப்புல வழிமறிச்சு அடிச்சுட்டாங்க" என்றார். பொய்யில்லை. அதற்குமேல் அவர் சொல்லவுமில்லை.

நான் தேறியதும் ஒருநாள் சொன்னார்: "இனிமே யாரையும் பாக்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். புது ஆளுன்னா மொதல்ல நாலு பேரு இருக்கிற எடத்துல பாருங்க. தனியாப் போகணும்னா எங்க போறீங்க, எப்பத் திரும்புவீங்கன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. யாருன்னு கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

சில வருடங்கள் கழித்து, பூம்பாறையில் பூண்டு போடுகிற ஒருவரோடு நெருக்கமானேன். மாதக்கணக்கில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் பேசிக்கொண்டோம். முதல் முறை அவர் ஊருக்குப் போன அன்று, மத்தியானமே திரும்பிவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பும் வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. பொழுது சாயும்போது கொடைக்கானல் வந்து இறங்கினேன். தூறலில் அக்காவும் அவர் கணவரும் ஒரே குடைக்குள் நின்றிருந்தார்கள். எனக்காக ஒருவர் கவலையோடு காத்து நிற்பதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"நல்லாத்தான இருக்கீங்க?" என்றார் அக்கா.

"நல்லா இருக்கேன்க்கா. நல்ல மனுசன்."

"அப்ப ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூட்டிட்டு வாங்க."

கூட்டிப்போனேன். கூச்சத்தில் அவர் வாசலிலேயே நின்றார். அக்காவின் கணவர் எழுந்து போய், "உள்ள வாங்க, சோறு ஆறுது" என்று அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.