புல் மட்டும்தான் என்று சொன்னேன்

பிள்ளைகளே, பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஏன் அப்பாவோடு பேசுவதில்லை என்று இரண்டு பேரும் பலமுறை கேட்டுவிட்டீர்கள். அம்மாவிடம் கேட்டால் "அப்பாகிட்ட கேளுங்க" என்கிறாள். என்னிடம் கேட்டால் நான் ஏதாவது வேலையைச் சாட்டி எழும்பிப் போய்விடுகிறேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

நீங்கள் அப்போது பதுளையில் சித்தி வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தீர்கள். கொஸ்லந்தைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், நம்முடைய லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. வேதக்காரர்கள் என்று நாம் ஒரு வீடுதான். அதை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. கிறிஸ்மஸுக்கு எல்லோரும் நம் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிடுவார்கள், மாரியம்மன் திருவிழாவுக்கு நானும் போய்த் தோரணம் கட்டுவேன். உங்களுக்குப் பெரியம்மா, எனக்குக் கூடப் பிறக்காத அக்கா. கொழுந்து எடுக்கிற வேலை. புருஷன் போன பிறகு ஒரு சிவப்புப் பசுவை வைத்துப் பால் ஊற்றித்தான் குடும்பத்தைப் பார்த்தார். அந்தப் பசு அப்போது எட்டு மாதச் சினை.

லயத்துக்குப் பின்னால் நாம் போஞ்சிக்காய் போட்டிருந்தோம். ஒரு நாள் பசு வேலியை முட்டிக்கொண்டு வந்து இரண்டு வரிசையைத் தின்றுவிட்டது. நான் லயமே கேட்கக் கத்தினேன்: "இன்னொருக்கா இந்த மாடு இங்க வந்துச்சு, உசுரோட திரும்பிப் போகாது!" தோட்டத்தில் புல்லைக் கொல்ல மருந்தடிக்கிற வேலை என்னுடையது. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் போஞ்சிக்கு அடிக்க யூரியாவைக் கரைத்தேன். உரத்துக்கு அலைந்த காலம். வெலிமடைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிக்காரர் தயவில் கொஞ்சம் கிடைத்திருந்தது. வாளியில் கலக்கிக்கொண்டிருக்கும்போதே தேவாலயத்து மணி அடித்துவிட்டது. அன்றைக்கு வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு. வாளியை வேலி ஓரமாக வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். மூடி வைக்கவில்லை.

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தபோது பசு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்தது. வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, கால் வெட்டி வெட்டி இழுத்தது. பெரியம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் வாளியைப் பார்த்தேன். கழுத்தை நீட்டினால் எட்டுகிற இடம். பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

பெரியம்மா தன் போனை என் கையில் திணித்தார். "தம்பி, மாட்டு டாக்டரு. எனக்கு சிங்களம் ஓடல, நீ பேசு."

டாக்டர் அவசரமாகக் கேட்டார். என்ன தின்றது? எதையாவது குடித்ததா?

இந்த இடத்தை நீங்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். அவர் கேட்டது இரண்டு கேள்வி. நான் பெரியம்மாவிடம் சொன்னது ஒன்று.

"என்னத்த தின்னுச்சுன்னு கேக்குறாரு."

"புல்லுதான் தம்பி! வேற என்னத்த தின்னும் அந்த வாயில்லா ஜீவன்?"

"தணகொல விதரய்," என்று டாக்டரிடம் சொன்னேன். புல் மட்டும்தான் என்று அர்த்தம்.

அப்படியானால் உப்புசமாக இருக்கும், எண்ணெய் ஊற்றி எழுப்பி நடக்க வையுங்கள், தூரத்தில் நிற்கிறேன், நாளைக்குத்தான் வர முடியும் என்றார். எண்ணெய் ஊற்றினோம். முக்கால் மணி நேரத்தில் பசு செத்துப்போனது.

வீட்டுக்குள் வந்தேன். உங்கள் அம்மா குசினியில் அடுப்புப் பக்கம் நின்று, "வாளிய கழுவிக் கவுத்துட்டேன். யாரும் பாக்கல," என்றாள்.

"என்னத்துக்குக் கழுவுன?"

"நீங்க என்ன வெஷமா வச்சீங்க? மறதிதானே. ஆனா அன்னைக்கு நீங்க கத்துன கத்து எல்லாருக்கும் தெரியும். யாரு நம்புவா?"

அவள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

செய்தி கேட்டு அன்று இரவே பெரியம்மாவின் தம்பி கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். மறுநாள் டாக்டர் வந்தபோது அவர்தான் சிங்களத்தில் பேசினார். யூரியா மாதிரி ஏதோ குடித்திருக்கிறது, உடனே தெரிந்திருந்தால் புளித்த வினாகிரியும் தண்ணீரும் ஊற்றச் சொல்லியிருப்பேன், பிழைத்தாலும் பிழைத்திருக்கும் என்றாராம் டாக்டர். யூரியா எங்கள் லயத்தில் நாலு வீட்டில் இருந்தது. ஆனால் மாடு உயிரோடு போகாது என்று சொன்ன வாய் ஒன்றுதான்.

பெரியம்மா பசுவைப் புதைக்க விடவில்லை. சாக்கால் மூடிவிட்டு, "எவன் செஞ்சான்னு தெரியாம என் மாட்ட மண்ணுல போட மாட்டேன். எல்லாரும் வந்து அம்மன் முன்னால சூடம் அணைங்க," என்றார். களவு, பழி என்று எது வந்தாலும் எங்கள் தோட்டத்தில் இதுதான் வழக்கம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவனை அம்மன் கேட்பாள்.

அன்று வேலை விட்டதும் லயமே கோயில் முன்னால் கூடியது. ஒவ்வொருவராக அணைத்தார்கள். என் முறை வந்தது.

"நான் சூடம் அணைக்க மாட்டேன். சத்தியம் பண்ணக் கூடாதுன்னு எங்க வேதத்துல இருக்கு," என்றேன்.

பிள்ளைகளே, அது பொய்யில்லை. ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் சத்தியம் வேண்டாம் என்றுதான் இயேசு போதித்தார். ஆனால் அன்றைக்கு நான் அந்தப் போதனைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். ஏசட்டும், அடிக்கட்டும், விசுவாசத்துக்காகப் பாடுபட்டதாக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம்கூட வந்தது. திருட்டுத் தைரியம்.

"பாத்தீங்களா!" என்று பெரியம்மாவின் தம்பி கத்தினார். "மருந்துத் தண்ணியில எங்கக்கா மாட்டுக்கு ஞானஸ்நானம் குடுத்தவரு இப்ப வேதம் பேசுறாரு!" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். "வைடா கைய சூடத்துல!"

பூசாரி மாமா குறுக்கே வந்தார். "விடுப்பா. அவுங்க சூடம் அணைக்கிற ஆளுங்க இல்ல. இவரு பாட்டன் காலத்துலயே இல்ல." பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "வெள்ளக்கார தொர இருந்த காலம். தேயில நாத்து வச்சிருந்த கொட்டக நெருப்பு புடிச்சு எரிஞ்சு போச்சு. கங்காணி எல்லாரையும் இதே எடத்துல நிறுத்தி சூடம் அணைக்க வச்சான். அம்புட்டு பேரும் அணைச்சாங்க. இவரு பாட்டன் மட்டும், 'சத்தியம் வேணாங்க, என் சுருட்டுதான்'னாரு. பேர வெட்டி, தோட்டத்த விட்டே வெரட்டுனாங்க. மறுவருசம் கங்காணியே போயி கூட்டிட்டு வந்தான். அன்னையிலருந்து இந்தத் தோட்டத்துல வேதக்காரன் வாய்ச்சொல்லு போதும்னு ஆச்சு. எங்கப்பா எனக்குச் சொன்னது."

பாட்டனைத் தோட்டத்தை விட்டு விரட்டிய கதை நம் வீட்டிலும் உண்டு. என்ன காரணம் என்று மட்டும் என் அப்பா சொல்ல மாட்டார், வெட்கப்படுவார். அந்தக் காரணத்தை ஒரு அம்மன் கோயில் பூசாரி இரண்டு தலைமுறையாகப் பத்திரமாக வைத்திருந்தார்.

"தம்பி, சூடம் வேணாம்," என்றார் மாமா. "மாட்டுக்கு நீ வெஷம் வச்சியா? ஆமாவா, இல்லையா? ஒரு சொல்லு போதும்."

இல்லை என்று சொன்னால் அது உண்மை. நான் விஷம் வைக்கவில்லை. உங்கள் அம்மா கூட்டத்தின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்தாள். சூடத்தை அணைத்துத் தொலைத்திருந்தால் லேசாகப் போயிருக்கும் என்று தோன்றியது. கைதானே சுடும்.

"வெஷம் வைக்கல," என்றேன். "ஆனா யூரியா கரைச்ச வாளி என்னோடது. மூடாம போனது நான்தான்."

கூட்டம் இரைந்தது. பாய வந்த தன் தம்பியைப் பெரியம்மா கையை நீட்டித் தடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாளிய மறக்குறது மனுசன் செய்றதுதான். அடுப்ப அணைக்காம நான் கொழுந்து மலைக்குப் போனதில்லையா? வேணுமின்னு செய்யல, அது போதும் எனக்கு. சரி தம்பி, அழாத."

அதோடு முடிந்திருக்கும். மாமா சூடத் தட்டைத் தூக்கிவிட்டார். ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். போனில் என்ன பேசினோம் என்பது டாக்டருக்கும் எனக்கும்தான் தெரியும். ஆனால் அக்கா மன்னித்தது வாளியை. மற்றது அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எப்படி மன்னித்திருக்க முடியும்?

"அக்கா, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றேன். "எதையாவது குடிச்சிச்சான்னும் டாக்டர் கேட்டாரு. அத நான் ஒங்கக்கிட்ட கேக்கல. வாளி கொறஞ்சிருந்தத பாத்துட்டுத்தான் நின்னேன். பயந்துட்டேன்."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப மாடு உசுரோட இருந்துச்சு."

"ஆமா."

"வினாகிரி ஊத்தியிருக்கலாம்."

"ஆமாக்கா."

"நீ பக்கத்துலயே நின்ன."

"ஆமா."

என் பாட்டன் கேட்ட உடனே சொன்னவர். நான் ஒரு நாள் பிந்திச் சொன்னேன். உண்மையைச் சொன்னேன் என்று நான் பெருமைப்பட முடியாமல் போனது இதனால்தான். உண்மைக்கும் ஒரு நேரம் இருக்கிறது, பிள்ளைகளே. அந்த நேரத்தில் சொன்னால் அது ஒரு உயிரைக் காப்பாற்றும். பிந்தினால் சொன்னவனுடைய பாரம்தான் இறங்கும்.

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "குழி வெட்டணும். இவனே வெட்டட்டும்," என்று மாமாவிடம் சொன்னார்.

வெட்டினேன். மழை பிடித்துக்கொண்டது. இடுப்பளவு ஆழம் போனதும் கல் மறித்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மாவின் தம்பி கொஞ்ச நேரம் கழித்து, கல்லைப் பெயர்க்க அலவாங்கோடு குழிக்குள் குதித்தார். "ஒங்களுக்காக இல்ல. இதுக்கு மேல வச்சிருந்தா நாறிடும்," என்றார்.

"நல்லா ஆழமா வெட்டச் சொல்லு, நாய் தோண்டிரும்," என்று பெரியம்மா மேலிருந்து தம்பியிடம் சொன்னார். நான் அவருக்கு நேர் கீழேதான் நின்றேன். அன்றிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் இப்படித்தான் இன்னொருவரிடம் சொல்கிறார்.

போஞ்சி நிலத்தை அவருக்கே விட்டுவிட்டேன். உங்கள் அம்மா போய்ச் சொன்னாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இறங்கவும் இல்லை. அதனால்தான் அது புல் பிடித்துக் கிடக்கிறது. நீங்கள் அதில் இறங்கி விளையாட வேண்டாம்.

அவரைக் கண்டால் பெரியம்மா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பதில் சொல்வார். எனக்காக ஒன்றும் கேட்க வேண்டாம்.