தாயே, எனக்கு நோவைக் கொடு

தீ மிதித்து இறங்கிய எனக்குச் சுடவில்லை. என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

2001 ஆடி மாதம். செங்கல்பட்டுப் பக்கம், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. காப்புக் கட்டி வருஷா வருஷம் மிதிக்கிறவன் நான். எப்போதும் சுடும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவேன். அந்த வருஷம் மணலில் நடப்பதுபோல நிதானமாக நடந்து வந்து பால்குழியில் கால் வைத்தேன். பாலின் குளிர்ச்சியும் தெரியவில்லை. அதையாவது கவனித்திருக்கலாம், எங்கே! "சுடவே இல்ல" என்றதும் ஊரே என் காலைத் தொட்டுக் கும்பிட்டது. வயதில் மூத்தவர்கள்கூடத் தொட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வீடு துடைத்த என் மனைவி கஸ்தூரி, வாளியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா இது, நீ நடந்த எடமெல்லாம் ரத்தமா கீது?"

வலது உள்ளங்காலில் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து குழியாகியிருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலிக்கவில்லையே என்று அலட்சியமாகத் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டி எடுத்தேன். கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் என்னுடையது. ஷிப்டு மாறுகிற நேரமெல்லாம் ஓட்டம். சும்மாவே நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவன். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே சாப்பிடுவேன்.

தீபாவளி வந்தது. புண் ஆறவில்லை. ஊசி, மாத்திரை, களிம்பு எல்லாம் பார்த்தாயிற்று. நான்கைந்து வருஷமாகச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை நினைத்தால் போடுவேன். மனசு அலைபாய்ந்தது. விரதத்தில் என்ன குறை வைத்தேன், தாய் ஏன் தண்டிக்கிறாள் என்று அதே நினைப்பு.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். நைலான் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், காலில் படும்போதெல்லாம் சொல்ல வேண்டுமாம். மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரமாயிற்று.

"ஆரம்பிங்க டாக்டர்" என்றேன்.

"முடிச்சிட்டேன்" என்றார்.

கண்ணைத் திறந்தால் கஸ்தூரி அழுதுகொண்டிருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டுப்படாத சர்க்கரை காலின் நரம்பைக் கெடுத்துவிட்டது. மருந்து அதன் வேலையைச் செய்கிறது, ஆனால் வளர்கிற சதையை நானே மிதித்துத் தேய்த்துவிடுகிறேன். நோவு இருக்கிறவன் நொண்டுவான், புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். எனக்கு நொண்டக்கூடத் தெரியாது. பிறகு, பிரேக்கை மிதித்தது எப்படித் தெரிகிறது என்று கேட்டார். "வண்டி நிக்கறத வச்சிதான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்! அன்றே சாவியைக் கஸ்தூரியின் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

காலுக்கு மாவுக்கட்டு போட்டு, அசையாமல் உட்காரச் சொன்னார்கள். நானாவது, உட்காருவதாவது! வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் மாமல்லபுரத்துக்குச் சவாரி போனபோது பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வந்தவர்களுக்குக் கடற்கரையைக் காட்டுகிறேன் பேர்வழி என்று மணலில் இறங்கி, அலையில் கட்டை நனைத்துக்கொண்டு வந்தேன். அந்த வாரமே நாற்றமெடுத்தது. கட்டைப் பிரித்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. எலும்புவரை சீழ் போயிருக்கலாம், மருந்துக்கு அடங்காவிட்டால் முன்பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் வண்டியை அம்மன் கோயிலில் நிறுத்தச் சொன்னேன். மத்தியானம், நடை சாத்தியிருந்தது. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, இதுவரை யாரும் கேட்டிருக்காததைக் கேட்டேன்.

"தாயே, எல்லாரும் நோவ எடுத்துக்கோன்னு கேக்கறாங்க. எனக்கு நோவக் குடு. என்னால உக்கார முடியல. நீயே உக்கார வை."

சீழை எடுத்து, மருந்து ஏற்றி, அது அடங்கியதும் புதுக் கட்டு போட்டார்கள். இன்சுலின் ஆரம்பித்தார்கள். சர்க்கரை இறங்கிய சில வாரங்களில் முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அப்புறம் எரிச்சல். மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரிச்சல்! போர்வை பட்டால் உயிர் போகும். எழுந்து கால் ஊன்றினால் சுரீர் என்று ஏறும், நீட்டி உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும். கத்தினேன், எதிரில் வந்தவர்களையெல்லாம் ஏசினேன்.

கஸ்தூரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "கேட்டத குடுத்துட்டா. இப்ப இன்னாத்துக்குக் கத்திகினு கீற?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சர்க்கரை இறங்கும்போது சிலருக்கு இப்படி எரியும், நாளாக ஆகக் குறையும் என்றார் டாக்டர். அடிப்பாதத்துக்கு உணர்ச்சி திரும்பும் என்று நம்ப வேண்டாம் என்றும் எச்சரித்தார். அவர் சொன்னது சரிதான், உள்ளங்கால் இன்றைக்கும் மரத்தேதான் இருக்கிறது. ஆனால் சித்திரையில் கட்டைப் பிரித்தபோது குழி மூடி, தோல் வந்திருந்தது. ஐந்து விரலும் எனக்கு மிச்சம். டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினேன். நரம்பைப் பற்றி அவருக்குத் தெரியும். என்னைப் பற்றி என் தாய்க்குத் தெரியும்.

அடுத்த ஆடியில் பூசாரி, நான் மிதிக்காமல் இருக்கலாமா என்று அம்மனிடம் பூக்கேட்டார். பூ வலது பக்கம் விழுந்தது, இனி மிதிக்க வேண்டாம் என்று உத்தரவு. இப்போதெல்லாம் காப்புக் கட்டும்போதே சர்க்கரை உள்ளவர்களிடம் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டிவிட்டு வரச் சொல்கிறார்.

அடியார்களே, உங்கள் குறையைத் தாயிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அவள் தருவது கசந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை விடாதீர்கள், தினமும் உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். வேனை மச்சான்தான் ஓட்டுகிறான். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது, எப்போதாவது சாயங்காலத்தில் எட்டிப் பார்க்கும். முகத்தைப் பார்த்தே கஸ்தூரி கண்டுபிடித்துவிடுவாள். "தாயி வந்துட்டா, உக்காருய்யா" என்பாள். உட்காருகிறேன்.