கூரைமேல் நிக்கோல்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தால் பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்காரர்கள் எல்லாரும் கேண்டீனுக்கு இறங்குவார்கள். பால்ராஜ் மட்டும் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறுவார். நிழல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத மாடி. இரும்புக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கிற வெயிலில் கொஞ்ச நேரம் கண்ணே தெரியாது. அவர் அசையாமல் நிற்பார். கண் பழகியதும், எதிரே நீள மேசையில் வரிசையாக அவருடைய மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். ஒரே சிரிப்பு, இருபது முப்பது முகங்களில்.

மகள் இறந்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பால்ராஜ் ஜெலுத்தோங்காரர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியவர். ரேடியோ, ஹார்ட் டிஸ்க் என்று பினாங்கு எதையெல்லாம் செய்ததோ அதையெல்லாம் தானும் செய்துவிட்டு, நாற்பதைத் தாண்டியபின் திரைகளைச் சோதிக்கிற பிரிவுக்கு டெக்னீஷியனாக வந்து சேர்ந்தார். மடிக்கணினிக்கும் மின்னூல் படிக்கிற கருவிக்கும் புதுவகைத் திரை ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பிரிவுக்குத் தலைவர் இக்மல், பெர்லிஸ் வயல்காட்டில் வளர்ந்த இளைஞர். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் மலாயில் இப்படித்தான் விளக்குவார்: "சாதாரணத் திரை வெயிலோட சண்ட போடும். எவ்ளோ வெளக்குப் போட்டாலும் தோத்துடும். நம்ம திரை சண்டைக்கே போகாது. வெயில வாங்கி அப்படியே திருப்பிக் காட்டும்."

உள்ளேயிருந்து விளக்கு எரியாததால் மின்சாரம் துளியூண்டு போதும். வெயில் ஏற ஏறப் படம் தெளியும். அந்தத் திரையில் இன்னொன்றும் உண்டு. படத்தை மாற்றுவதற்குத்தான் மின்சாரம் வேண்டும். மாற்றியபின் ஒயரைப் பிடுங்கிவிட்டாலும் படம் அப்படியே நிற்கும்.

திரையைச் சோதிக்க ஒரு படம் தேவைப்பட்டது. ஒரு வருஷம், குடும்பத்தோடு வரச்சொல்லித் தொழிற்சாலையில் விருந்து வைத்தபோது பதினான்கு வயது நிக்கோல் அப்பாவோடு மாடிக்கு ஏறி வந்தாள். பொடிக்கட்டம் போட்ட சட்டை. புருவத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, யாரோ என்னவோ சொன்னதற்குச் சிரித்தாள். இக்மல் அதைப் படமெடுத்தார். எடுத்துப் பார்த்துவிட்டுக் குதித்தார். பல்லின் வெள்ளை, முடியின் கறுப்பு, கைநிழல் விழுந்த கறுத்த கன்னம், சட்டையின் பொடிக்கட்டம். மட்டமான திரை எதுவும் இந்தப் படத்திடம் தப்பிக்க முடியாது என்றார்.

அன்றிலிருந்து அதுதான் சோதனைப் படம். அதன் பெயரும் நிக்கோல்தான். "நிக்கோலப் போடு," "நிக்கோல் இன்னும் மங்கல்," "இன்னிக்கி நிக்கோல் பாஸ்" என்று நாள்பூராவும் பேச்சு ஓடும். பழைய படத்தின் சாயல் அழியாமல் புதுப் படத்துக்கு அடியில் தங்கிவிட்டால் அதை 'ஹந்து' என்பார்கள். மலாயில் பேய். "இன்னிக்கி ஒனக்கு ஹந்து வந்துருச்சு, தெரியுமா?" என்று ஒருநாள் பால்ராஜ் வீட்டில் போய்ச் சொல்ல, மகள் தலையணையாலேயே அவரை அடித்தாள்.

பதினாறு வயதில் நிக்கோலுக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டது. தலைவலி என்று படுத்தவள். ஒரு வாரத்தில் இல்லாமல் போனாள். அவர்களுக்கு வேறு பிள்ளை கிடையாது.

துக்கம் முடிந்து பால்ராஜ் வேலைக்குத் திரும்பிய அன்று, எல்லாத் திரையிலும் நிக்கோலுக்குப் பதிலாகப் பினாங்கு ஃபெர்ரி மிதந்துகொண்டிருந்தது. அவர் வருவதற்குள் ஒன்று விடாமல் மாற்றிவிடும்படி இக்மல் சொல்லியிருக்கிறார். பால்ராஜ் இக்மலின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

மத்தியானம் ஏதோ வேலையாக மாடிக்கு ஏறினார். அங்கே மழை படாமல் கண்ணாடி மூடிய பெட்டிகளில் பழைய திரைகளை வெயிலில் போட்டு வைத்திருந்தார்கள், எத்தனை காலத்தில் கெடுகிறது என்று பார்க்க. அவற்றில் படத்தை மாற்ற எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒயர் கிடையாது, கரண்ட் கிடையாது. எல்லாவற்றிலும் நிக்கோல் இருந்தாள்.

உடனே இறங்கிப்போய் இக்மலிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் சோற்று டப்பாவோடு போனார்.

வீட்டில் மகளின் பெயரை அவரும் சொல்வதில்லை, மனைவி அக்னஸும் சொல்வதில்லை. மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ இருந்தது. அக்னஸ் அதைத் துடைப்பாள், மெழுகுவர்த்தி வைப்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் 'மரித்தோர்' என்ற சொல் வரும்போது அவள் கை புடவை நுனியை இறுக்குவதைப் பால்ராஜ் பார்ப்பார்.

"ஏன் இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். "சாப்பாட்டு நேரத்துல எங்க சுத்துறீங்க?"

"வேலதான். வெளி வேல."

மாடியில் முகங்கள் மாறிக்கொண்டு வந்தன. சில மஞ்சள் பூத்தன. ஒன்றில் நெற்றிக்குக் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்து மெல்ல மெல்ல இறங்கியது. இன்னொன்றில் முதலில் கண்கள் போயின. சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. பால்ராஜ் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். மேகம் சூரியனை மறைத்தால் எல்லா முகமும் ஒரே சமயத்தில் சாம்பல் நிறமாகும், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பார்த்த நிறம். மேகம் விலகும்வரை அவர் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் இருப்பார். வெயில் திரும்பியதும் அவள் சிரிப்பாள். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவர் தினமும் ஏறினார். அந்த ஒரு கணம் வராமல் போய்விடுமோ என்ற பயமும் தினமும் கூடவே ஏறியது.

சோதனைக் காலம் முடிந்ததும் மேசையைக் காலி பண்ணலாமா என்று இக்மல் கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டுப் பாப்போமே, பாஸ்."

இக்மல் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். வெந்து கறுத்த கழுத்தையும் பார்த்தார். "சரி, அபாங்," என்றார். அபாங் என்றால் மலாயில் அண்ணன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பசாரில் பால்ராஜும் அக்னஸும் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த இமான் என்ற பெண் ஓடிவந்து அக்னஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நீங்கதான் அங்கிளுக்குச் சொல்லணும் லா," என்றாள் மலாயில், சிரித்துக்கொண்டே. "டெய்லி அந்த வெயில்ல போயி நிக்கோல்கிட்டயே உக்காந்திருக்காரு. நாங்க கூப்பிட்டாலும் வர்றதில்ல. நிக்கோல விட்டு வரவே மாட்டாரு!"

அவளுக்கு அது ஒரு படத்தின் பெயர். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கையசைத்துவிட்டுக் கூட்டத்தில் போய்விட்டாள். அக்னஸின் கையிலிருந்த கெம்போங் மீன் பலகையில் விழுந்தது. மீன்காரர் "வேணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மோட்டார்சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தார்கள். பிளாட்டின் கீழ்ப்படியில் அவள் நின்றாள்.

"எம்பிள்ள பேர அந்தப் பொண்ணு ஏன் சொல்லுது?"

பால்ராஜ் படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மாடியிலிருந்து இறங்கியவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அக்னஸ் அழவில்லை.

"ஒரு வருஷமா நீங்க மட்டும் பாத்துக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "எனக்கும் காட்டுங்க."

இக்மல் மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கினார். சனிக்கிழமை உச்சிவெயிலில் அக்னஸ் குடையோடு வந்தாள். இக்மல் கதவருகே நின்றுவிட்டார். அவள் மேசையோரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு கண்ணாடியைத் தொட்டாள். தொட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இப்படிக் கொதிக்குதே! எம்பிள்ளய இப்படியா வெயில்ல போட்டு வெச்சிருக்கீங்க?"

சட்டென்று குடையை விரித்து அந்த முகத்துக்கு மேலே பிடித்தாள். நிழல் விழுந்ததும் முகம் மங்கியது. கண் போனது, பல் போனது, வெறும் சாம்பல் மிஞ்சியது. அவள் அலறிக் குடையை இழுத்தாள். நிக்கோல் திரும்பிவந்து சிரித்தாள். அக்னஸ் மறுபடியும் பிடித்துப் பார்த்தாள். நிக்கோல் மறுபடியும் போனாள்.

பால்ராஜ் வந்து குடையை வாங்கி மடக்கினார். அவள் முக்காடுகூடப் போடாமல் கொதிக்கிற தரையில் அப்படியே உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"இது எத்தன நாளக்கி இருக்கும்?"

"கெட்டுப்போற வரைக்கும்."

அவள் வரிசைக் கோடியில் கண்ணில்லாமல் கிடந்த முகத்தைப் பார்த்தாள். "கெட்டுப்போறத நான் ஒருதரம் கிட்டருந்து பாத்தாச்சு," என்றாள். "போதும். அழிச்சிடுங்க."

பால்ராஜின் கை ஒயரைப் பிடிக்க மறுத்தது. இக்மல்தான் பேட்டரியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாட்டினார். படம் அழியும்போது அந்தத் திரை கறுப்பும் வெளுப்புமாகச் சிலமுறை புரளும். ஒரு கணம் நிக்கோலின் முடி வெள்ளையாகவும் பல் கறுப்பாகவும் மாறியபோது, அக்னஸ் கணவனின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். பிறகு வெறும் வெண்மை. அதில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. சிலவற்றில் மட்டும் சாயல் போகவில்லை. இக்மல் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்.

"அது போகாது, பாஸ்," என்றார் பால்ராஜ். "ரொம்ப நாளு வெயில்ல இருந்துருச்சு."

அந்தத் திரைகளைக் கழிவுப் பெட்டியில் அடுக்கி அவரே கீழே தூக்கிக்கொண்டு போனார்.

விஷயம் தெரிந்த இமான் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்தாள். மூன்றாம் நாள் கண்கலங்கி வந்து நின்றாள். "நீ சொல்லலேன்னா நான் இன்னும் அங்கயேதாம்மா உக்காந்திருப்பேன்," என்று சொல்லி, பால்ராஜ் அவளையும் கூட்டிக்கொண்டு கேண்டீனுக்குப் போனார். வீட்டில் ஒருநாள் அக்னஸ் மீனைப் பொரித்துக்கொண்டே, "நிக்கோல் இருந்தா இந்தத் தோல ஒருத்தருக்கும் விடமாட்டா," என்றாள். பால்ராஜ், அவளுக்குக் கெம்போங் தோல் பிடிக்காது, சாவாளை மீன் தோல்தான் பிடிக்கும் என்றார். இல்லவே இல்லை என்றாள் அவள். சோறு ஆறும்வரை அந்தச் சண்டை நடந்தது.

அடுத்த வருஷம் திரை விற்பனைக்கு வந்தது. பாகங்கள் செய்து அனுப்புகிற வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போயிருந்த இக்மல், அங்கிருந்து போன் பண்ணினார். குரல் ஒருமாதிரி இருந்தது.

"அபாங், இங்க நிக்கோல் இருக்கா."

பல வருஷத்துக்கு முன்பே அந்தப் படம் சோதனைக் குறிப்புகளோடு அங்கே போயிருக்கிறது. அவர்கள் அதை மாற்றவே இல்லை. வரவேற்புக் கூடத்தில் ஆளுயரத் திரையில் அவள் நிற்கிறாளாம்.

பால்ராஜ் போனைப் பிடித்தபடியே அக்னஸிடம் சொன்னார். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தாள்.

"எடுக்கச் சொல்லுங்க," என்றாள். பிறகு, "அதுக்கு முன்னாடி, அது யாருன்னு அவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

தெரியாது என்றார்கள். இக்மல் எடுத்துச் சொன்னதும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்களாம். எல்லா இடத்திலும் எடுத்தாகிவிட்டது என்று ஒரு வாரத்தில் தகவல் வந்தது.

பால்ராஜ் அதை நம்புகிறார். ஆனாலும் ஏதாவது பேரங்காடியில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெளிச்சத்தில் அந்த மாதிரித் திரை ஒன்றை வைத்திருந்தால், முன்பக்கமாகப் போய் நிற்க அவருக்குக் கால் வருவதில்லை. தூணோரமாக நின்றுவிடுவார். அக்னஸ்தான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "ஒண்ணுமில்ல, வாங்க," என்பாள்.