ஸ்தோத்திரப் பக்கம் ஏறிய பெயர்

லிஃப்ட்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறார். கதவில் சாய்ந்துகொண்டு அரட்டை அடிப்பவர்களைக் கண்டால், "அது கதவா, இல்ல உங்க மச்சான் தோளா?" என்று கேட்டுவிடுவார். பல கட்டடங்களில் அவரைக் கண்டாலே ஆட்கள் படியேறிப் போய்விடுவார்கள்.

அந்தக் கோபமெல்லாம் எட்டு மாதமாகக் கடவுள் பக்கம் திரும்பியிருந்தது. மனைவியின் முதுகெலும்பில் கிருமி புகுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிற்று. ஒரு ஆபரேஷன் செய்தும் பலனில்லை. வரும் செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஆபரேஷன். "இதுவும் சரிவரலைன்னா அவங்க எழுந்து நிக்கிறதை மறந்துட வேண்டியதுதான்" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சபை ஆட்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை, சோதனை. "பொன்னைப் புடம்போடுற மாதிரி ஆண்டவர் உங்களைப் புடம்போடுறாரு தம்பி" என்றார் ஒரு பெரியவர். "அப்ப உங்க வீட்டுப் பொன்னையும் கொஞ்ச நாள் போடச் சொல்லுங்களேன்!" என்று கத்தினார் லிஃப்ட்காரர். பெரியவர், தன் முன்னால் வைத்த காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். இப்படியா பேசுவது என்று கேட்பவர்கள், எட்டு மாதம் ஒருத்தியைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அதோடு அவர் சபைக்குப் போவதை நிறுத்தினார். மனைவி காலையில் ஜெபம் பண்ணும்போது எழுந்து வெளியே போய் நிற்பார். "எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல" என்பார், ஏதோ பங்காளியைச் சொல்வதுபோல.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் வந்தது. சபை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டதாம். வேறு ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

ஜெபக்குழுவை நடத்தும் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். எல்லோருக்கும் அவர் ஜெப அக்கா.

"வாங்க தம்பி! எத்தனை நாளாச்சு!"

"நான் லிஃப்ட்டுக்கு வந்தேன்க்கா. வேற எதுக்கும் இல்ல."

கதவுப் பூட்டின் உள்ளே இருக்கும் செப்புத் தகட்டில் தூசி அப்பி, மின்தொடர்பு விட்டுப்போயிருந்தது. துடைத்து, தேய்த்து, நான்கு தடவை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். வேலைச் சீட்டில் கையெழுத்து வாங்க ஹாலுக்குள் நுழைந்தவர் கண்ணில் கரும்பலகை பட்டது.

இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் ஸ்தோத்திரம். புதன்கிழமைதோறும் குழு கூடி, இடது பக்கத்துப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிக்கும். வலது பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காரியம் முடிந்தது, நன்றி மட்டும்தான். வலது பக்கத்தில் எழுதியிருந்தது: லிஃப்ட்காரர் மனைவி, பூரண சுகம்.

"இதை யாருக்கா எழுதினது?"

"நான்தான் தம்பி. அஞ்சு வாரம் முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தேனே! நாற்காலியில ஜம்முனு உக்காந்திருந்தாங்க. எப்படிம்மா இருக்கேன்னு கேட்டேன். கர்த்தர் கிருபையில நல்லா இருக்கேன்க்கான்னாங்க."

அவருக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கர்த்தர் கிருபையில் நல்லா இருக்கேன்! இந்த ஜனம் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும்போதும் அதைத்தான் சொல்லும். அவர் மனைவியோ, வீடு பற்றி எரிந்தாலும் சொல்லுவாள். அன்றைக்குக் காலையில் அவரும் மச்சினியுமாக அவளைத் தூக்கி உட்காரவைத்து, சரியாமல் இருக்க இடுப்பை நாற்காலியோடு துண்டால் கட்டியிருந்தார்கள். மேலே போர்வை.

"கட்டி வெச்சிருந்தோம்க்கா! அவளால உக்காரக்கூட முடியாது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அஞ்சு வாரமா ஒருத்தர்கூட அவ பேரைச் சொல்லலையா?"

ஜெப அக்கா கையைப் பிசைந்தார். பிறகு அவருக்கும் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்கதான் ஆண்டவரே வேண்டாம்னு போயிட்டீங்களே. நாங்க ஜெபிச்சா என்ன, ஜெபிக்காட்டி என்ன உங்களுக்கு?"

"நான் கோவிச்சுக்கிட்டுப் போனேன்க்கா! நீங்க அவளுக்காகக் கேட்டுக்கிட்டு இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போனேன்! நீங்களும் விட்டுட்டா அவளுக்கு யாரு?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. எட்டு மாதமாக யாரோடு பேச்சு இல்லை என்றாரோ, அவரிடம் வாராவாரம் தனக்காக ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததாக அல்லவா நினைத்திருக்கிறார்! வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் கோபம் இன்னும் கூடியது.

கிரீஸ் கையாலேயே வலது பக்கத்து வரியை அழித்தார். சாக்பீஸை எடுத்து இடது பக்கம், எல்லாப் பெயர்களுக்கும் மேலே, மனைவியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

"புதன்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாதுக்கா. அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடும்."

"அப்ப இப்பவே ஜெபிப்போம். நீங்களே ஆரம்பிங்க தம்பி" என்றார் ஜெப அக்கா, அழுதுகொண்டே.

அவர் மண்டி போடவில்லை, கண்ணை மூடவில்லை. பலகையைப் பார்த்து, கட்டடமே கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோபம் தீரல. தீரும்னும் தோணல. நீர் செஞ்சது நியாயமில்ல, அதை நேர்ல வந்தாலும் சொல்லுவேன். ஆனா செவ்வாய்க்கிழமை காலைல ஏழு மணிக்கு அவளை உள்ள கொண்டுபோறாங்க. என்னை வெளியிலயே நிறுத்திடுவாங்க. நீர் உள்ள போகணும். நீரும் வரலைன்னா, நான் வேற யார்கிட்ட போய்ச் சண்டை போடுவேன்?"